கூலி தருவது பண்ணைக்காரர், போராட்டம் மட்டும் பர்கர் கடை வாசலிலா?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்துத் தக்காளிப் பண்ணைகளில் கூலி வேலை செய்கிறவர்கள் டாகோ பெல், மெக்டொனால்ட்ஸ் என்று சாப்பாட்டுக் கடைகளுக்கு எதிராக ஏன் போராடினார்கள்? கூலி கொடுப்பது பண்ணைக்காரர்தானே? அதனால் உண்மையில் ஏதாவது மாறியதா, இல்லை வெறும் விளம்பரமா?

பண்ணைக்காரர்களிடம் கேட்காமல் ஒன்றும் அவர்கள் கடை வாசலுக்குப் போய்விடவில்லை. வேலைநிறுத்தம், உண்ணாவிரதம், நடைப்பயணம் என்று ஏழெட்டு வருடம் பண்ணைக்காரர்களோடு மல்லுக்கட்டிய பிறகுதான் அந்தப் பக்கம் திரும்பினார்கள். மாறியதா என்றால், மாறியது. ஆனால் பேச்சு முழுக்க, தக்காளிக்குக் கடைகள் கூடுதலாகத் தர வேண்டும் என்று கேட்ட அந்த "ஒரு பவுண்டுக்கு (கிட்டத்தட்ட அரைக் கிலோ) ஒரு சென்ட்" பற்றியே ஓடுவதால், பெரிய மாற்றம் எங்கே நடந்தது என்பது பலருக்குத் தெரிவதில்லை. என்னைக் கேட்டால் சென்ட் இதில் இரண்டாவது விஷயம்தான். புகார் சொன்னவனை மறுநாள் வேலைக்கு வராதே என்று சொல்ல முடியாத நிலையை உண்டாக்கினார்களே, அதுதான் முதலாவது.

முதலில் வேலை எப்படி நடந்தது என்று பார்த்துவிடலாம். இம்மொகாலி என்பது புளோரிடாவின் தென்மேற்கில் இருக்கிற சின்ன ஊர். குளிர்காலத்தில் அமெரிக்காவில் விளையும் தக்காளியில் பெரும்பகுதி அந்த மாநிலத்திலிருந்துதான் வருகிறது, அதற்கு ஆள் போவதில் இம்மொகாலிக்குத்தான் முதலிடம். மெக்சிகோ, குவாத்தமாலா, ஹெய்ட்டி நாடுகளிலிருந்து வந்தவர்கள். பலருக்கு ஆங்கிலம் தெரியாது, சிலருக்கு ஸ்பானிஷே சரியாக வராது, மாயன் மொழிகளில் ஏதாவது ஒன்றுதான் தாய்மொழி. விடிவதற்கு முன்பே ஒரு வாகன நிறுத்தத்தில் வந்து நிற்பார்கள். கங்காணிகள் பழைய பள்ளிப் பேருந்துகளை ஓட்டி வந்து, நீ வா, நீ வா என்று ஆள் பொறுக்குவார்கள். தேர்வாகாதவனுக்கு அன்றைக்குக் கூலி கிடையாது. தேர்வானாலும் பனி காய்கிற வரை வயல் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அந்த நேரத்துக்கும் காசு கிடையாது.

கூலி வாளிக் கணக்கு. ஒரு வாளி 32 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட பதினாலரை கிலோ. செடியில் காயாகப் பறித்து, வாளியை நிரப்பி, தோளில் தூக்கிக்கொண்டு லாரிக்கு ஓடி, மேலே நிற்பவனிடம் வீசிக் கொடுத்துவிட்டு ஒரு டோக்கன் வாங்கிக்கொண்டு திரும்ப ஓட வேண்டும். வாளிக்கு 40 முதல் 50 சென்ட். 1980 வாக்கில் இருந்த ரேட்டுக்கும் முப்பது வருடம் கழித்து இருந்த ரேட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, இதற்கிடையில் விலைவாசி எங்கேயோ போய்விட்டது. 2009இலிருந்து அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். பத்து மணி நேர வேலைக்கு அந்தத் தொகை வர வேண்டுமானால் 50 சென்ட் ரேட்டில் 145 வாளி பறிக்க வேண்டும். இரண்டு டன்னுக்கும் மேல். ஒரு ஆள். ஒரு நாளில்.

அதிலும் ஒரு திருட்டு உண்டு. வாளி விளிம்பு வரை நிரம்பினால் போதாது, மேலே கோபுரம்போல் குவித்திருந்தால்தான் டோக்கன். அப்படிக் குவிக்கிற காய் முழுக்க இனாம். பத்து வாளிக்கு ஒரு வாளி இப்படிச் சும்மா போனதாகத் தொழிலாளர்கள் கணக்குச் சொன்னார்கள். ரேட்டை உயர்த்தாமலே, குவிக்கச் சொல்வதை மட்டும் நிறுத்தினால்கூடப் பத்து சதவீதம் கூலி உயர்வு.

இதோடு அடி உதை, பெண்களிடம் கங்காணிகளின் அத்துமீறல், சம்பளத்தை அப்படியே அமுக்கிக்கொண்டு காணாமல் போவது. இதற்கெல்லாம் கீழே இன்னொரு படியும் இருந்தது. அடிமைத்தனம் என்று நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கூட்டாட்சி நீதிமன்றங்களில் அதே குற்றச்சாட்டில் தண்டனை வாங்கிய வழக்குகள் உண்டு. 2008இல் முடிந்த ஒரு வழக்கில் தொழிலாளர்களை இரவில் லாரிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார்கள், சிலரைச் சங்கிலியால் கட்டியும் அடித்தும் வேலை வாங்கினார்கள், முக்கியக் குற்றவாளிகள் இருவருக்கும் பன்னிரண்டு வருடச் சிறை கிடைத்தது. இது இருபத்தோராம் நூற்றாண்டில், இம்மொகாலி ஊருக்குள்ளேயே.

சட்டம் எங்கே போனது என்று கேட்பீர்கள். சட்டம் அவர்களை வேண்டுமென்றே வெளியே நிறுத்தியிருந்தது. தொழிலாளர்கள் சங்கம் வைத்து முதலாளியோடு பேரம் பேசும் உரிமையை 1935இல் அமெரிக்கா சட்டமாக்கியபோது விவசாயத் தொழிலாளர்களையும் வீட்டு வேலை செய்பவர்களையும் அதில் சேர்க்கவில்லை. 1938இல் குறைந்தபட்சக் கூலி, கூடுதல் நேரச் சம்பளம் பற்றிய சட்டம் வந்தபோதும் அதே கதை. தென் மாநிலங்களில் அந்த இரண்டு வேலைகளிலும் இருந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். தென் மாநில உறுப்பினர்களின் ஓட்டு இல்லாமல் சட்டம் நிறைவேறாது. குறைந்தபட்சக் கூலி 1966இல் தான் பண்ணைகளுக்கு எட்டிப் பார்த்தது, அதுவும் பெரிய பண்ணைகளுக்கு மட்டும். கூடுதல் நேரச் சம்பளம் மத்திய சட்டப்படி இன்றும் இல்லை.

ஆனால் இப்படித் தள்ளி வைத்ததிலேயே ஒரு ஓட்டை இருந்தது. சங்கங்கள் தங்கள் முதலாளியை விட்டுவிட்டு அவரிடம் சரக்கு வாங்குகிற கடையை நெருக்குவதை 1947ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. விவசாயத் தொழிலாளி அந்தச் சட்டத்தின் கணக்கில் தொழிலாளியே இல்லை என்பதால் அந்தத் தடையும் அவனைக் கட்டவில்லை! இந்த ஓட்டை வழியாகத்தான் கலிபோர்னியாவின் திராட்சைப் போராட்டம் ஜெயித்தது.

அந்தக் கதையைச் சொல்லாமல் தாண்ட முடியாது. 1964இல் மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரும் பிரசெரோ திட்டம் முடிந்தது. அதுவரை வேலைநிறுத்தம் செய்தால் மறுநாளே வேறு ஆளை இறக்கிவிடலாம் என்றிருந்த முதலாளிகளுக்கு அந்த வசதி குறைந்தது. அடுத்த வருடம் 1965 செப்டம்பர் 8ஆம் தேதி, கலிபோர்னியாவில் திராட்சை விளையும் டெலானோ என்ற ஊரில், பிலிப்பினோ தொழிலாளர்கள், லாரி இட்லியோங் தலைமையில், மணிக்கு 1.40 டாலர் கேட்டு வயலை விட்டு வெளியேறினார்கள். எட்டு நாள் கழித்து சீசர் சாவேஸ், டொலோரஸ் ஹுவெர்ட்டா நடத்திய மெக்சிகன் தொழிலாளர் சங்கம் கூடச் சேர்ந்தது. (இட்லியோங்கின் பெயர் பல இடங்களில் விட்டுப்போகிறது. தொடங்கியது பிலிப்பினோக்கள்.) ஐந்து வருடம் இழுத்த சண்டை. வயலுக்குள் ஆள் கொண்டுவந்து வேலைநிறுத்தத்தை உடைத்துக்கொண்டே இருந்தார்கள். முதலாளிகளின் கையை முறுக்கியது நகரங்களில் நடந்த திராட்சைப் புறக்கணிப்புதான். 1970 ஜூலை 29 அன்று டெலானோ பண்ணைகள் கையெழுத்துப் போட்டன.

அதோடு கதை முடியவில்லை, அடுத்த மூன்று வருடத்தில் நடந்ததுதான் பாடம். 1973இல் ஒப்பந்தங்கள் காலாவதியானதும் பண்ணை முதலாளிகள் டீம்ஸ்டர்ஸ் என்ற வேறொரு சங்கத்தோடு, தொழிலாளர்களைக் கேட்காமலே, தங்களுக்குச் சாதகமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஐந்து வருடம் பாடுபட்டு வாங்கியதில் பெரும்பகுதி ஒரே பருவத்தில் கைவிட்டுப் போயிற்று. 1975இல் கலிபோர்னியா தனக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்து, தொழிலாளர்கள் ரகசிய வாக்கெடுப்பில் சங்கத்தைத் தேர்ந்தெடுக்க வழி செய்தது; நாள் முழுக்கக் குனிந்தே வேலை செய்ய வைத்து முதுகெலும்பை ஒடித்த குட்டைப்பிடி மண்வெட்டியும் அதே வருடம் தடை செய்யப்பட்டது. ஆனால் எண்பதுகளில் சங்கமே தேய ஆரம்பித்தது. புறக்கணிப்பு முதலாளியைக் கையெழுத்துப் போட வைக்கும். போட்ட கையெழுத்தை நாளைக்கும் நாளை மறுநாளும் மதிக்க வைப்பது வேறு வேலை.

சரி, இம்மொகாலிக்கு வருவோம். புளோரிடாவில் கலிபோர்னியா மாதிரித் தனிச் சட்டமோ வாரியமோ கிடையாது. 1993இல் சிலர் ஒரு தேவாலய அறையில் வாராவாரம் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இம்மொகாலி தொழிலாளர் கூட்டமைப்பு. லூகாஸ் பெனிடெஸ், கிரெக் ஆஸ்பெட், லாரா ஜெர்மினோ ஆகியோர் தொடக்கத்திலிருந்தே இருந்தவர்கள். சட்டப்படி இது தொழிற்சங்கம் இல்லை. 1995இல் கூலிக் குறைப்புக்கு எதிராக ஊரே ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை. 1996இல், தண்ணீர் குடிக்க வேலையை நிறுத்திய ஒரு இளைஞனைக் கங்காணி அடித்தபோது, அவனுடைய ரத்தம் படிந்த சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நூற்றுக்கணக்கானவர்கள் இரவில் அந்தக் கங்காணியின் வீட்டுக்கு ஊர்வலம் போனார்கள். பிறகு ஆறு பேர் முப்பது நாள் உண்ணாவிரதம். 2000இல் ஃபோர்ட் மையர்ஸிலிருந்து ஆர்லாண்டோவுக்கு நடைப்பயணம். கூலிக் குறைப்பு நின்றது, சில இடத்தில் கொஞ்சம் ஏறியது. ஆனால் பண்ணைக்காரர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேச மட்டும் கடைசி வரை சம்மதிக்கவில்லை.

இங்கேதான் அவர்கள் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டார்கள்: இந்தத் தக்காளியின் விலையைத் தீர்மானிப்பது யார்? பண்ணைக்காரருக்கு உரம், டீசல், மருந்து, பெட்டி எதிலும் பேரம் பேச இடமில்லை. வாங்குகிறவர்களோ ஆயிரக்கணக்கான கிளைகள் உள்ள கடைச் சங்கிலிகள். லட்சக்கணக்கான பெட்டிகளை மொத்தமாகக் கேட்டு, "இந்த விலைக்குத் தந்தால் தா, இல்லையென்றால் அடுத்த பண்ணை" என்று சொல்லக்கூடியவர்கள். அப்படி நசுக்கப்படும் பண்ணைக்காரர் தன் செலவுகளில் எதைக் குறைக்க முடியும்? எதிர்த்துப் பேச ஆளில்லாத செலவு கூலி ஒன்றுதான். பண்ணைக்காரர்களை நல்லவர்களாக்க நான் இதைச் சொல்லவில்லை, அடிக்கிற கங்காணியை வேலைக்கு வைத்தது அவர்கள்தான். ஆனால் "எனக்குக் கட்டுப்படி ஆகலை" என்று அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. மீதி பாதி, அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

அதனால் 2001 ஏப்ரலில் டாகோ பெல் புறக்கணிப்பு தொடங்கியது. கோரிக்கை: நீ வாங்கும் ஒவ்வொரு பவுண்டு தக்காளிக்கும் ஒரு சென்ட் கூடுதலாகக் கொடு, அது நேராகத் தொழிலாளிக்குப் போகட்டும், ஆளை அடிக்கிற பண்ணையில் வாங்காதே. டாகோ பெல்லை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், அதன் வாடிக்கையாளர்கள் இளைஞர்கள், அதன் கடைகள் கல்லூரி வளாகங்களுக்குள் இருந்தன. மாணவர்கள் பல வளாகங்களிலிருந்து அந்தக் கடையை வெளியேற்றினார்கள் அல்லது வரவிடாமல் தடுத்தார்கள். தேவாலய அமைப்புகள் சேர்ந்தன. நாலு வருடம் கழித்து 2005 மார்ச்சில் தாய் நிறுவனமான யம் பிராண்ட்ஸ் ஒத்துக்கொண்டது. 2007இல் மெக்டொனால்ட்ஸ், 2008இல் பர்கர் கிங். பர்கர் கிங் கதை கொஞ்சம் அசிங்கமானது: அந்த நிறுவனத்தின் பெரிய அதிகாரி ஒருவர் பொய்ப் பெயரில் இணையத்தில் தொழிலாளர்களைத் திட்டி எழுதியதும், மாணவர் அமைப்புக்குள் உளவாளியை அனுப்ப முயன்றதும் வெளியே வந்து மானம் போன பிறகுதான் கையெழுத்து.

கடைகள் காசு கொடுக்கத் தயாரானதும் பண்ணைக்காரர்கள் வழிமறித்தார்கள். புளோரிடா தக்காளி விளைவிப்போர் சங்கம், இந்த ஏற்பாட்டில் சேரும் உறுப்பினருக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் என்று மிரட்டியது. தங்கள் பையிலிருந்து ஒரு சென்ட் போகாத விஷயத்துக்கு! கூலிக்காரன் கூடி நின்று கேட்டு ஒன்றை வாங்கிவிட்டான் என்ற பேர் வந்துவிடக் கூடாது, அதுதான் பயம். கடைகள் கொடுத்த பணம் வங்கியில் முடங்கிக் கிடந்தது. 2010 அக்டோபரில் ஒரு பெரிய பண்ணை நிறுவனம் பிரிந்து வந்து ஒத்துக்கொண்டது, நவம்பரில் சங்கமே இறங்கி வந்தது.

அடுத்து வந்த ஃபேர் ஃபுட் திட்டம்தான் என் பார்வையில் இந்தக் கதையின் மையம். 1973இல் கலிபோர்னியாவில் நடந்தது இங்கே நடக்காதபடி அதைக் கட்டினார்கள். நடத்தை விதிகளைத் தொழிலாளர்களே எழுதினார்கள், அதனால்தான் வெளியாள் யோசிக்கவே முடியாத விஷயங்கள் அதில் இருக்கின்றன. வாளியை விளிம்புக்கு மேல் குவிக்கச் சொல்லக் கூடாது. வயலுக்கு வந்த நிமிடத்திலிருந்து நேரக் கடிகாரம் ஓட வேண்டும். வயலில் நிழல் வேண்டும். கங்காணியின் ஆளாக இல்லாமல் பண்ணையின் நேரடி ஊழியராகப் பதிவு செய்ய வேண்டும். கூடுதல் காசு சம்பளச் சீட்டில் தனி வரியாக வர வேண்டும். பாலியல் வன்முறையும் கட்டாய வேலையும் நடந்தால் மன்னிப்பே கிடையாது.

விதி எழுதுவது சுலபம். ஒவ்வொரு பெரிய நிறுவனமும் நடத்தை விதி என்று பளபளப்பான புத்தகம் வைத்திருக்கிறது, வருடத்துக்கு ஒரு தணிக்கையாளர் வந்து அலுவலகத்தில் காபி குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். இம்மொகாலிக்காரர்கள் செய்தது வேறு. ஒன்று, தொழிலாளிகளே பண்ணைக்குப் போய், வேலை நேரத்தில், சம்பளத்தோடு, மற்ற தொழிலாளிகளுக்கு உரிமைகளைச் சொல்லித் தருகிறார்கள். அப்புறம் எந்நேரமும் எடுக்கப்படும் புகார்த் தொலைபேசி. எடுப்பவரே அந்தப் பண்ணையைத் தெரிந்த விசாரணையாளர். இதற்கென்றே ஒரு தனிக் கண்காணிப்பு அமைப்பு, நியூயார்க்கில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற லாரா சேஃபர் எஸ்பினோசா தலைமையில். தணிக்கைக்கு வந்தால் பாதித் தொழிலாளர்களிடமாவது நேரில் பேசியாக வேண்டும். புகார் கொடுத்தவரைப் பழிவாங்கினால் அதுவே தனிக் குற்றம்.

ஆனால் இதற்கெல்லாம் பல்லைக் கொடுப்பது ஒப்பந்தத்தில் இருக்கிற ஒரே ஒரு வரிதான். பண்ணை விதியை மீறித் திருந்தாவிட்டால், கையெழுத்துப் போட்ட கடைகள் அந்தப் பண்ணையில் தக்காளி வாங்கக் கூடாது. கடைகளுக்கு இது வாக்குறுதி இல்லை, நீதிமன்றம் வரை போகக்கூடிய ஒப்பந்தம். 2014 ஜனவரியில் வால்மார்ட்டும் சேர்ந்தபோது இந்த வரியின் எடை பல மடங்கு ஏறியது. ஒரு கங்காணி பெண்ணிடம் தவறாக நடந்துகொண்டான் என்றால் முன்பு அது பண்ணைக்காரருக்குத் தலைவலியே இல்லை. இப்போது அவனை வைத்துக்கொண்டால் வால்மார்ட் ஆர்டர் போய்விடும். அவன் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் வேலையை விட்டுத் தூக்கத்தான் வேண்டும். எந்தத் தொழிலாளர் துறை ஆய்வாளராலும் இவ்வளவு வேகமாக இதைச் செய்ய முடிந்ததில்லை, போதுமான ஆய்வாளர்களும் இருந்ததில்லை.

வெயில் விஷயத்தையும் பாருங்கள். கலிபோர்னியா 2005இலேயே வயல்வேலைக்கு வெப்பப் பாதுகாப்பு விதி கொண்டுவந்தது. புளோரிடாவோ 2024இல், உள்ளூர் நிர்வாகங்கள் தாங்களாக அப்படி விதி போடக் கூடாது என்று சட்டம் போட்டது. ஆனால் அதே புளோரிடாவில், திட்டத்தில் சேர்ந்த பண்ணைகளில், வெயில் மாதங்களில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிட ஓய்வு கட்டாயம். மாநிலம் தர மறுத்ததை ஒப்பந்தம் தருகிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பதில் பிரச்சார நோட்டீஸ் ஆகிவிடும். திட்டத்தில் சேர்ந்த கடைகள் வாங்குகிற தக்காளிக்கு மட்டும்தான் கூடுதல் காசு வரும், ஆகவே ஒரு வாளிக்கு 32 சென்ட் ஏறியது என்று பெருக்கிப் பார்த்து மகிழக் கூடாது. கைக்கு வருவது அதைவிடக் குறைவு. வென்டீஸ் என்ற பர்கர் கடைச் சங்கிலி இன்று வரை கையெழுத்துப் போடவில்லை, முதலில் புளோரிடாவை விட்டு மெக்சிகோவுக்கும் பிறகு கண்ணாடிக்கூடத் தோட்டங்களுக்கும் கொள்முதலை மாற்றிக்கொண்டது. புளோரிடாவின் சொந்தக் கடைச் சங்கிலியான பப்ளிக்ஸும் சேரவில்லை. மெக்சிகோ தக்காளி சந்தையில் பெரும்பங்கைப் பிடித்துவிட்டது, புளோரிடாவில் சாகுபடியே சுருங்குகிறது. வயலில் இன்று பலர் எச்-2ஏ என்ற தற்காலிக விசாவில் வருகிறார்கள். விசா ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது, பலர் தரகரிடம் கடன்பட்டு வருகிறார்கள், வேலையை உதறினால் நாட்டை விட்டே போக வேண்டும். அப்படிப்பட்டவர் புகார்த் தொலைபேசியை எடுக்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசியுங்கள்.

இந்த வழி எல்லாப் பயிருக்கும் பொருந்துமா? பெயர் தெரிந்த பெரிய கம்பெனி மேலே இருந்தால் பொருந்தும். ஒஹாயோவில் தக்காளி, வெள்ளரி பறித்தவர்கள் கேம்பெல் சூப் கம்பெனியை 1986இல் முத்தரப்பு ஒப்பந்தத்துக்கு இழுத்தார்கள், கம்பெனி, பண்ணை, தொழிலாளர் மூவரும் கையெழுத்து. வெர்மான்ட்டில் பால் பண்ணைத் தொழிலாளர்கள் இம்மொகாலி முறையைப் பார்த்து 2017இல் பென் அண்ட் ஜெர்ரிஸ் ஐஸ்கிரீம் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள். பெயரில்லாத மொத்த மண்டியில் விற்கப்படும் சரக்கு என்றால் கடினம், புறக்கணிக்க ஒரு பெயர்ப்பலகையே இருக்காது. அங்கே கலிபோர்னியா பாணிச் சட்டமும், பருவத்தின் உச்சத்தில் வேலையை நிறுத்துகிற பழைய ஆயுதமும்தான் வழி. காய் செடியில் பழுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு வாரம் கைகட்டி நின்றால் அதன் வலியே தனி.

கடைசியாக, இதனால் விலை ஏறுமா என்று எப்போதும் யாராவது கேட்பார்கள். ஒரு பவுண்டுக்கு ஒரு சென்ட் என்பதை ஒரு பர்கரில் வைக்கும் ஒன்றிரண்டு துண்டுத் தக்காளிக்கு வகுத்துப் பாருங்கள், கால் சென்ட்கூடத் தேறாது.